இரும்புக்கு மட்டுமா யோகம்?

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபிக்காதே. இங்கே எல்லோரும் நலம். வாத்தியார் இன்னும் கண்ணாடியைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ராணுவச் செலவு கூடினால் எந்தெந்தத் தொழிலில் எவ்வளவு தேவை கூடும் என்று கணித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. “இதில் என்ன கணக்கு, இரும்புக்கு யோகம்” என்று எழுதிவிட்டாய். விடையை எழுதிவிட்டு வழியைத் தேடும் பழக்கம் உன்னை இன்னும் விடவில்லை!

பல நாடுகளில் ராணுவ பட்ஜெட்டின் பெரும்பங்கு சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது. அந்தப் பணம் மளிகைக்கும் துணிக்கும் வாடகைக்கும் பாயும். தளவாடக் கொள்முதல்தான் ஆலைகளை நேரே தொடும், அதுவும் மெதுவாக. ஒரு போர்க்கப்பலுக்கு ஒதுக்கிய தொகை செலவாகி முடியவே பல ஆண்டுகள் ஆகும்.

நான் பொருளாதார அறிஞர் லியோன்டீஃபின் உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணையை வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தொழிலும் மற்ற தொழில்களிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் அட்டவணை அது. குண்டுக்கு எஃகு, எஃகுக்கு நிலக்கரி, மின்சாரம், சரக்கு ரயில் என்று கடைசிவரை கூட்டித் தந்துவிடும். இரண்டாம் உலகப் போர் முடியும்போது, இனி எஃகை யார் வாங்குவார் என்று அமெரிக்காவில் பலர் பயந்தார்கள். எல்லோருக்கும் வேலை இருந்தால் எஃகுத் தேவை விழாது என்றது அட்டவணை. அப்படியே நடந்தது. படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அது நம்புகிறது. 2022-க்குப் பிறகு ஐரோப்பா பீரங்கிக் குண்டு உற்பத்தியைக் கூட்டப் போய், உந்துமருந்திலும் வெடிமருந்திலும் முட்டிக்கொண்டது. குண்டைப் பீரங்கியிலிருந்து தள்ளும் அந்த உந்துமருந்துக்கு நைட்ரோசெல்லுலோஸ் என்ற ரசாயனம் வேண்டும். அதற்குப் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழை வேண்டும். என் அட்டவணையில் இதெல்லாம் ‘ரசாயனம்’ என்ற ஒரே வரிக்குள் புதைந்து கிடக்கிறது. எவ்வளவு நுட்பமாகக் கூட்டி என்ன பயன், சொல்!

அப்புறம், ஒன்று மனதை அரிக்கிறது. 1965-ல் லியோன்டீஃப் குழுவினர், அமெரிக்க ராணுவச் செலவில் 20 சதவீதத்தைப் பொதுமக்கள் தேவைக்குத் திருப்பினால் என்னாகும் என்று 19 மண்டலங்களுக்குக் கணக்குப் போட்டார்கள். சில மண்டலங்களுக்கு லாபம், கலிஃபோர்னியாவுக்கு இழப்பு. ஒருவருக்கு இங்கே வேலை போய், வேறொருவருக்கு வேறெங்கோ கிடைத்தால் மொத்தக் கணக்கு நேராகிவிடும். வேலை போனவர் குடும்பத்துக்கு? என்னிடம் மொத்தத்தை மட்டும்தான் கேட்கிறார்கள். மண்டலவாரியாகவும் சேர்த்தே கொடுப்பேன்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். நான் சொன்ன நைட்ரோசெல்லுலோஸுக்கு நைட்ரிக் அமிலமும் வேண்டுமே, அதனால் கேட்கிறேன். புதிதாக ஒரு நைட்ரிக் அமில யூனிட் போட, அனுமதி வாங்குவதிலிருந்து முழு உற்பத்தி வரை எத்தனை மாதம் பிடிக்கும்? முதலாளியிடம் சொல்லும் கணக்கு வேண்டாம், உங்களுக்குள் பேசிக்கொள்ளும் கணக்கை எழுது. சீக்கிரம்.

உன்,
ரகு