ஒற்றைக் காலுறையும் ஒரு முழு நாளும்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவில் ஐல் ராயல் தீவின் விண்டிகோ படகுத்துறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிராண்ட் போர்ட்டேஜ் போகும் படகு இன்னும் வரவில்லை. இங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. சிக்னல் இருந்தாலும் இதைப் போனில் சொல்ல எனக்கு வராது.

நீ கேட்கப் போவதை முதலில் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வீங்கவில்லை. சரி, கொஞ்சம் வீங்கியது. தீவின் மறுமுனையான ராக் ஹார்பரிலிருந்து கிரீன்ஸ்டோன் முகடு வழியாக இந்த முனைக்கு நடந்து வர 5 நாள் ஆனது. சுமார் 65 கிலோமீட்டர். உச்சியே 425 மீட்டர்தான், நம் யேற்காட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று புறப்படும்போது சிரித்தேனே, அதற்கு இரண்டாம் நாளே அனுபவித்தேன். ஏறி முடித்தால் இறக்கம், இறங்கினால் மறுபடி ஏற்றம், முதுகில் 14 கிலோ. சுற்றிலும் சுப்பீரியர் ஏரி கடல் மாதிரி கிடக்கிறது, முகட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. முகாமுக்கு இறங்கினால்தான் உண்டு. அதிலும் ஓநாய் வழியாகப் பரவும் நாடாப்புழுவின் முட்டை இருக்கலாமாம். அது குளோரினுக்குச் சாகாது. வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் கொதிக்க வைக்க வேண்டும். நான் இரண்டும் செய்தேன்.

ஓநாயைப் பார்க்கவில்லை. மூஸ் மானைப் பார்த்தோம், இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி தின்றுகொண்டிருந்தது. ஒரு நரி வந்து என் தோழியின் காலுறையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஒற்றைக் காலுறை! அது அதற்கு எதற்கோ.

நான்காம் நாள் ஹாட்செட் ஏரியிலிருந்து தெற்கு டெசோர் முகாமுக்கு 13 கிலோமீட்டர். காலையிலிருந்தே மூடுபனி, ஈரப் பாறை. அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சாயங்காலம் புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்தேன். நீ அதிலிருக்கும் கடலையை மட்டும் பொறுக்கித் தின்பாயே, அப்போதுதான் உறைத்தது: அன்று முழுக்க உன்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நீ பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நாள் இருந்ததில்லை. முதலில் குற்றம் செய்த மாதிரி இருந்தது. அப்புறம் நன்றாகச் சாப்பிட்டேன்.

இந்தத் தீவின் ஓநாய்களையும் மூஸ்களையும் 1958 முதல் கணக்கெடுத்து வருகிறார்கள். முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஏரி உறைந்தால் கனடா கரையிலிருந்து புது ஓநாய் நடந்து வருமாம். அப்படி உறைவது குறைந்து, உறவுக்குள்ளேயே குட்டி போட்டுப் போட்டு, 2018இல் மிஞ்சியவை இரண்டே இரண்டு. அப்பாவும் மகளும். அப்புறம்தான் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த நான்காம் நாள் ராத்திரி டென்ட்டில் தூக்கம் வராமல் அந்த இரண்டையும் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா போன பிறகு நீயும் நானுமாக இருந்த வீடு ஞாபகம் வந்தது.

இனிமேல் தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடாதே, தம்பி. பேச ஏதாவது இருக்கும்போது கூப்பிடு. நானும் அப்படியே செய்கிறேன்.

நீ வாங்கித் தந்த குளோரின் மாத்திரையைப் பிரிக்கவே இல்லை. ரசீது இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு.

அம்மா