ஏரியா, எரியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவன் நான். எட்டு பாயிண்ட் எழுத்தில் ஓர் ஒற்று விட்டுப்போனாலும் கண்ணில் உறுத்தும். இப்போது விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. ஓரத்தில் இருப்பது தெரியும். நேராகப் பார்க்கும் சொல்தான் கலங்கும். 'கண்ணாடியை மாற்றுங்களேன்' என்கிறார்கள். இதற்குக் கண்ணாடி பவர் உதவாது, எழுத்துதான் பெரிதாக வேண்டும்.

சரி என்று போனில் எழுத்தளவைக் கூட்டி, கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு செயலியில் விண்ணப்பம் நிரப்பினேன். எழுத்து பெரிதாக இருந்ததால் 'சமர்ப்பி' பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது. எவ்வளவு தள்ளியும் மேலே ஏறி வரவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினேன், பொத்தான் வந்தது. ஆனால் பக்கத்தில் 'ரத்து செய்' என்று இன்னொன்றும் இருந்தது. இரண்டும் வெளிர்சாம்பல் நிறம். எது எதுவென்று தெரியாமல் பேத்தியைக் கூப்பிட்டேன்.

தமிழுக்குத் தொல்லை கூடுதல். ஆங்கிலத்துக்கு வைத்த அளவையே தமிழுக்கும் வைத்துவிடுகிறார்கள். மேலே புள்ளியும் சுழியும், கீழே வளைவும் அதே இடத்துக்குள் அடைய வேண்டும். பெரிதாக்கும்போது வரி இடைவெளி கூடாவிட்டால் மேல்வரி வந்து புள்ளியை மிதித்துவிடுகிறது. அன்றைக்கு 'ஏரியில் குப்பை' என்ற தலைப்பை 'எரியில் குப்பை' என்று படித்து, எவன் இதைத் திருத்தினான் என்று கோபப்பட்டேன். தப்பு என் கண்ணில்! ஏகாரத்தின் கீழ்க்கோடு எனக்குத் தெரியவே இல்லை.

இணையத் தர நிர்ணய அமைப்பான டபிள்யூ3சி 2008-இலேயே சொல்லிவிட்டது: எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கம் குலையக் கூடாது, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்றாவது இருக்க வேண்டும். இதைச் செய்வது மந்திரவித்தை அல்ல. விரல்களால் விரித்துப் பெரிதாக்குவதைச் சில தளங்கள் வேண்டுமென்றே பூட்டி வைக்கின்றன. யாருக்கு லாபம் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம், அறிவிப்புகளைப் படமாகப் போடுவது. பெரிதாக்கினால் எழுத்து கரைகிறது, வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் எட்டுவதில்லை. உங்கள் மின்னிதழிலும் அந்தப் பழக்கம் உண்டு.

ஒரு வரிக்கு மூன்று சொல் தெரிகிற அளவில் வைத்துத்தான் இதைத் தட்டச்சு செய்தேன். ஒற்று எங்காவது விட்டுப்போயிருந்தால் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்