ஜுகோவின் வீழ்ச்சி ஒன்றல்ல, இரண்டு

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த, இரண்டாம் உலகப் போரின் சோவியத் தளபதி மார்ஷல் ஜுகோவ் பற்றிய கட்டுரை, அவர் வீழ்ச்சிக்கு மேலிடத்துப் பொறாமையே காரணம் என்று முடிக்கிறது. 1946-இல் ஸ்டாலினும், 1957-இல் கட்சித் தலைவர் குருஷேவும் அவரைப் பதவியிலிருந்து இறக்கியதை ஒன்றாகக் குழப்பியதால் வந்த வினை இது.

ஸ்டாலினுக்குப் பொறாமை இருந்தது உண்மைதான். 1946-இல் விமானப்படைத் தளபதி நோவிகோவைக் கைதுசெய்து, வற்புறுத்தி வாங்கிய வாக்குமூலத்தை ஜுகோவுக்கு எதிராக உயர் ராணுவக் குழுவில் வைத்தார். கோனேவ், ரிபால்கோ போன்ற தளபதிகள் ஜுகோவுக்காகப் பேசினார்கள். கைதிலிருந்து தப்பினாலும் தரைப்படைத் தலைமை போனது. ஒடெஸாவுக்கும், 1948-இல் உரால் ராணுவ வட்டத்துக்கும் அனுப்பப்பட்டார்.

1957-இன் கணக்கு வேறு. ஜூனில் மூத்த தலைவர்களான மொலோடோவ், மலென்கோவ், ககனோவிச் அணி கட்சித் தலைமைக் குழுவில் பெரும்பான்மை திரட்டிக் குருஷேவைக் கவிழ்க்கப் பார்த்தது. தலைமைக் குழுவைவிடப் பெரிய, அதற்கும் மேலான மத்தியக் குழு கூடினால்தான் அவர் பிழைக்க முடியும். உறுப்பினர்களோ நாடெங்கும் இருந்தார்கள். பாதுகாப்பு அமைச்சரான ஜுகோவ் ராணுவ விமானங்களை அனுப்பி அவர்களை மாஸ்கோவுக்கு வரவழைத்தார். குருஷேவ் தப்பினார். ஆனால் கட்சிச் சண்டையில் யார் ஜெயிப்பது என்பதை ராணுவ அமைச்சர் தீர்மானிக்க முடியும் என்பதும் வெட்டவெளிச்சமாகிவிட்டது. குருஷேவை உறுத்தியது இதுதான் என்பேன்.

நான்கே மாதம். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்ட அதே அக்டோபர் 4 அன்று, ஜுகோவ் போர்க்கப்பலில் யூகோஸ்லாவியாவுக்குக் கிளம்பினார், அங்கிருந்து அல்பேனியா. அவர் ஊரில் இல்லாதபோது புகார்கள் சேர்க்கப்பட்டன. படைகளில் கட்சியின் அரசியல் அதிகாரிகளை ஒடுக்கினார், மத்தியக் குழுவுக்குத் தெரியாமல் நாசவேலைப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார், தன் புகழையே வளர்த்தார் என்பவை முக்கியமானவை. படை அதிகாரிகளின் கட்சிக் கூட்டங்களையும் கூட்டி, முன்கூட்டியே அவர்களைத் தயார்செய்துவிட்டார்கள். 26-ஆம் தேதி திரும்பிய அன்றே அமைச்சர் பதவி மார்ஷல் மலினோவ்ஸ்கிக்குப் போனது. 29-க்குள் தலைமைக் குழு, மத்தியக் குழு இரண்டிலிருந்தும் நீக்கம்.

நவம்பர் 3 அன்று கட்சி நாளேடான ‘பிராவ்தா’வில் அவரைத் தாக்கி எழுதியவர், 1946-இல் அவருக்காகப் பேசிய அதே கோனேவ்! இதை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. அதுதான் பெரிய குறை. மேலிடத்துப் பொறாமை என்று மட்டும் சொன்னால் சக மார்ஷல்கள் கைவிட்டது ஏன் என்பது விளங்காது. அமைச்சராக ஜுகோவ் அதிகாரிகளிடம் காட்டிய கடுமையை அக்டோபர் கூட்டத்தில் பலர் வெளிப்படையாகவே குறைசொன்னார்கள். 1946-இல் அவர் சக தளபதி, 1957-இலோ அவர்களுக்கு மேலதிகாரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை