முகவரியைப் பென்சிலில் எழுது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் என் பழைய வீட்டுக்குப் போய், இரண்டு வாரம் கழித்துத்தான் கைக்கு வந்தது. ஆமாம், மறுபடியும் வீடு மாறிவிட்டோம். ஒன்பது வருஷத்தில் இது நாலாவது. ஒவ்வொரு தடவையும் நகரத்தின் நடுவிலிருந்து இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிப் போகிறோம். வாடகை குறைவு, ஆனால் வேலைக்குப் போய்வர மூன்று மணி நேரம். "மிச்ச வாடகையைத் தூக்கத்தைக் கொடுத்துக் கட்டுகிறீர்கள்" என்கிறாள் இவள்.

பழைய வீட்டில் குழாய் மூன்று வருஷமாக ஒழுகியது. வீட்டுக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டு வாடகையை மட்டும் சரியாகப் பார்த்து வைத்திருந்தார். சுவரில் விரிசல் விழ விழ விலை ஏறுகிற விந்தையை அங்கேதான் பார்த்தேன். கட்டடத்துக்கு வயதானால் மதிப்பு குறையத்தானே வேண்டும்? குறையத்தான் செய்கிறது. ஏறுவதெல்லாம் அடியில் கிடக்கும் மண். ரயில், பள்ளிக்கூடம், அலுவலகங்கள் எல்லாம் ஊர் கூடிக் கொண்டுவந்தவை. வரவு மட்டும் பத்திரம் வைத்திருப்பவர் கணக்கில்.

நீயும் பத்திரம் வைத்திருப்பவன்தான், கோபித்துக்கொள்ளாதே. வீட்டு மதிப்பு இரண்டு மடங்கானதைச் சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அடுத்த பக்கத்திலேயே, உன் மகளுக்கு அந்த வட்டாரத்தில் வாடகைக்குக்கூட இடம் அமையவில்லை என்று புலம்பல். இரண்டும் ஒரே சேதிடா.

அவளுக்கு 30 வருஷக் கடன் தரத் தயார் என்கிறார்களாமே, எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 9 சதவீத வட்டி என்றால், 20 வருஷக் கடனில் வாங்கிய நூறுக்கு மொத்தம் 216 கட்டுவாள். 30 வருஷமானால் 290. மாதத் தவணை குறைவது பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அந்தச் சின்னச் சலுகைக்குப் பத்து வருஷம் கூடுதலாக உழைக்க வேண்டும். இதில் இன்னொரு வேடிக்கை, அவளுக்குக் கிடைக்கும் சலுகை அவளோடு போட்டி போடும் எல்லோருக்கும் கிடைக்கும். வீடுகள் அதே எண்ணிக்கையில் இருந்தால், எல்லோரும் விலையைக் கூட்டிக் கேட்பார்கள். கடைசியில் விற்பவர் பைக்குத்தான் போகும். வட்டி குறைந்தாலும் இதே கதை.

வீடு பெருகினால்தான் வழி. சிங்கப்பூர் 1960-ல் அதற்கென்றே ஒரு வாரியம் அமைத்துக் கட்ட ஆரம்பித்தது. இன்று அங்கே குடிமக்களில் பெரும்பாலோர் அது கட்டிய வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் வியன்னா நூறு வருஷமாக நகராட்சி வீடுகளைக் கட்டி, விற்காமல் வாடகைக்கே விட்டுவருகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-ல் தன் குடியிருப்பு நிலத்தில் முக்கால் பங்கில் கூடுதல் வீடுகள் கட்ட விதியைத் தளர்த்தியது. கட்டுமானம் கிடுகிடுவென்று கூடியது. வாடகைக்கு உச்சவரம்பு மட்டும் போட்டால் போதும் என்று நானும் ஒருகாலத்தில் வாதாடியவன். பெர்லின் 2020-ல் வாடகையை உறைய வைத்தபோது, குடியிருந்தவர்களுக்கு நிம்மதிதான். புதிதாகத் தேடியவர்களுக்கோ வாடகைக்கு வரும் வீடே அருகிவிட்டது. அடுத்த வருஷம் நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது.

இனி நான் எழுதத் தயங்கியதை எழுதிவிடுகிறேன். உன் தெருவில் ஐந்து மாடிக் குடியிருப்பு வரக் கூடாது என்று கையெழுத்துப் போட்டதாக எழுதியிருந்தாய். வெளிச்சம் போய்விடும், வண்டி நிறுத்த இடம் இருக்காது, எல்லாம் நியாயம்தான். உன் இடத்தில் இருந்தால் நானும் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் உன் மகள் தேடுகிற வீடு அந்த ஐந்து மாடியில்தான் எங்கோ இருக்கிறது.

கோபம் வந்தால் நேரில் வந்து திட்டு. ரயிலில் கடைசி நிறுத்தம் வரை வந்து, அங்கிருந்து பேருந்து. முகவரி மறுபக்கத்தில் இருக்கிறது. உன் நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்