இருக்கைக்கு முன் இடுப்பு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. புதிய சிகிச்சையாளர்களுக்கு, சக்கர நாற்காலியில் அமர்வோரின் உடல் தோரணை மதிப்பீட்டில் பயிற்சி தரும் பொறுப்பை ஏற்றிருக்கிறீர்கள் என்றறிந்து மகிழ்ந்தேன். என்னென்ன உபகரணங்களை வரவழைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்கத்தில் அமுங்காத பரப்புள்ள ஒரு கட்டிலும் அளவு நாடாவும் போதும் என்பேன். தலைத் தாங்கிகளையும் பக்கத் தாங்கிகளையும் முதலிலேயே பரப்பிவைத்தால், பயில்வோரின் கண் ஆளை விட்டுப் பொருளுக்குப் போய்விடும்.

அண்மையில் மூளை முடக்குவாதமுள்ள ஒரு சிறுமி சக்கர நாற்காலியில் ஓயாமல் முன்னே வழுக்கிக்கொண்டிருந்தாள். பயில வந்தவர்களுக்கு மார்புப் பட்டையை இறுக்கத்தான் தோன்றியது. அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, தொடையை மடக்கி உயர்த்தி, ஒரு கையை இடுப்பெலும்பின்மேல் வைத்தபடி முழங்காலை மெல்ல நீட்டிப் பார்க்கச் சொன்னேன். பாதி நீளுவதற்குள் தொடையின் பின்தசை இழுக்க, இடுப்பெலும்பு கைக்கடியிலேயே பின்னோக்கி உருண்டது. அவளுடைய நாற்காலியிலோ கால்மிதி வெகு முன்னால் இருந்ததால், முழங்கால் நீண்டு அதே இழுப்பு நேர்ந்துகொண்டிருந்தது. கால்மிதியை உள்ளே தள்ளிவைத்ததும் வழுக்குவது நின்றது. கழுத்துக்கு ஏறி மூச்சை அடைக்கக்கூடிய அந்தப் பட்டைக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

கையால் தாங்கினால் நேராகிற கோணலையும், தாங்கினாலும் நேராகாமல் இறுகிவிட்ட கோணலையும் பிரித்தறிவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி என்பது என் கருத்து. இடுப்பு ஒருபக்கம் தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகக்கூடியதென்றால் தாழ்ந்த பக்கத்தின் அடியில் மெத்தையை உயர்த்தலாம். இறுகிப்போனதில் அதையே செய்தால் எடை முழுவதும் தாழ்ந்த பக்கத்து இடுப்பெலும்பில் குவிந்து அழுத்தப்புண் வரும். அங்கே உயர்ந்த பக்கத்தின் அடியிலுள்ள இடைவெளியைத்தான் நிரப்ப வேண்டும். ஒரே சாய்வுக்கு நேரெதிரான இரண்டு தீர்வுகள் இருப்பதைப் படம் காட்டிப் புரியவைப்பது கடினம்.

உலக சுகாதார நிறுவனம் சக்கர நாற்காலிச் சேவைக்கென 2012இல் அடிப்படைநிலைப் பயிற்சித் தொகுப்பையும், 2013இல் இடைநிலைத் தொகுப்பையும் வெளியிட்டது. உங்களுக்குத் தேவையானது இரண்டாவது. தோரணைத் தாங்கல் வேண்டுவோருக்கானது அதுதான். எந்த இடத்தில் எவ்வளவு தாங்கல் தேவை என்பதை முதலில் கையாலேயே தாங்கிப் பார்க்கும் முறை அதில் உண்டு. அதற்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள், விரிவுரையைச் சுருக்கினாலும் பாதகமில்லை.

பயிற்சி முடிந்து சில மாதங்கள் கழித்து, இருக்கை பெற்றவர்களை அதே சிகிச்சையாளர்கள் மீண்டும் பார்க்க ஏற்பாடு உண்டா? குழந்தைகள் வளர்வதால் இருக்கையின் ஆழமும் கால்மிதியின் உயரமும் விரைவில் போதாமல் போகும். அதற்கான நாளையும் இப்போதே குறித்துவிட்டு எழுதுங்கள். உபகரணப் பட்டியலை அதன்பிறகு சேர்ந்து தயாரிப்போம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்