கொண்டைக்கடலைப் பைகளுக்கும் ஓர் உப்புமா டப்பா மூடிக்கும் நன்றி

நம் தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கும், உயர்நிலை மாணவர்களுக்கும், பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த இடத்தில் எங்களிடம் மாட்டிக்கொண்ட தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

நியூஜெர்சியில் நம் பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு, விளையாட்டுச் சாமான்களை வாடகைக்குத் தருபவர்களிடமிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. காற்றடைத்த கோட்டை, பந்து எறியும் கூடாரம், பரிசுச் சக்கரம் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்குவதாக ஆகஸ்டிலேயே முன்பணம் வாங்கியிருந்தார்கள். ஒரே நாளில் இரண்டு இடத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டோம், மன்னிக்கவும் என்று இரண்டே வரியில் கையைக் கழுவிவிட்டார்கள். 2024 அக்டோபர் 19, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பூங்காவில் 90 பிள்ளைகள் வந்து நிற்கப் போகிறார்கள். என்னிடம் இருந்ததோ பன்னிரண்டு பரங்கிக்காய், இரண்டு பெட்டி ஆப்பிள், ஒரு நீளக் கயிறு. (பரங்கியா மஞ்சள் பூசணியா என்று குழுவில் நடந்த சண்டைக்குள் நான் மறுபடி போகவில்லை. நான் தஞ்சாவூர்க்காரி, எனக்குப் பரங்கிதான்.)

"கோட்டை வராது. என்ன செய்யலாம்?" என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டு, விழாவை ஒத்திவைக்கும் செய்தியை மனதுக்குள் எழுதத் தொடங்கியிருந்தேன். அதை அனுப்ப விடாமல் அடுத்த 44 மணி நேரத்தில் நீங்கள் செய்ததற்குத்தான் இந்த மடல்.

"பலகை என் பொறுப்பு" என்று ஒற்றை வரியில் பதில் போட்டாரே, நான்காம் நிலை வகுப்பு அப்பா, அவரிடமிருந்து தொடங்குகிறேன். தூரத்தில் நின்று சாய்ந்த பலகையின் ஓட்டைக்குள் பை எறியும் கார்ன்ஹோல் ('சோள ஓட்டை') விளையாட்டுக்குப் பலகை நாலடி நீளம், இரண்டடி அகலம், பின்பக்கம் ஓரடி உயரம். மேல்பகுதியில் ஆறு அங்குல ஓட்டை. அளவெல்லாம் தெரியும், ஆனால் ஆறு அங்குல வட்டம் போட வீட்டில் எதுவும் இல்லை. தட்டு, கிண்ணம், பெயின்ட் டப்பா என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் கச்சிதமாகப் பொருந்தியது, வேலை செய்பவர்கள் சாப்பிடட்டும் என்று யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன உப்புமா டப்பாவின் எவர்சில்வர் மூடி. வெள்ளி இரவு பத்தரைக்கு நான் அவர் வீட்டுக் கராஜுக்குப் போனபோது ஜிக்சா ரம்பம் ஓய்ந்திருந்தது. அவருடைய மகள் மட்டும் தரையில் உட்கார்ந்து ஓட்டையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சின்னப் பசங்க உள்ளே கைவிட்டுப் பையை எடுப்பாங்க ஆன்ட்டி, சிராய் ஏறிடும்" என்றாள். பெரியவர்கள் நான்கு பேர் நின்றிருந்தோம், ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பலகை ஆயிற்று, எறிவதற்குப் பை? முறைப்படி பார்த்தால் ஆறு அங்குலச் சதுரப் பை, ஏறக்குறைய ஒரு பவுண்டு எடை, ஒரு பக்கத்துக்கு நான்கு. அந்தக் காலத்தில் உள்ளே உலர்ந்த மக்காச்சோளம் போட்டுத் தைத்ததால்தான் விளையாட்டுக்கே அந்தப் பெயர். வெள்ளிக்கிழமை சோளம் தேடி மூன்று கடை ஏறி இறங்கினோம், கிடைத்ததெல்லாம் பாப்கார்ன் பாக்கெட். கும்பகோணத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாதான் வழி சொன்னார்: "ஏன், கொண்டைக்கடலை ஆகாதா?" நாலு பவுண்டு பாக்கெட் இரண்டு வாங்கினால் எட்டுப் பைக்கும் கணக்கு சரியாகிவிடுகிறது. விஜயதசமி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "பத்து நாள் முன்னாடின்னா இதெல்லாம் சுண்டலாயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே, மருமகனின் பழைய ஜீன்ஸை வெட்டி, கையாலேயே இரட்டைத் தையல் போட்டு எட்டுப் பைகளையும் முடித்தார். மருமகன் அந்த ஜீன்ஸைப் பழையது என்று நினைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்கும் நன்றி.

அந்த எட்டில் ஒன்றுதான் மாலை நாலு மணிக்கு மேல் வாய் பிளந்தது. தையல் நன்றாகத்தான் இருந்தது, மூன்று அண்ணன் தம்பிகள் மூன்று பக்கம் பிடித்து இழுத்தால் துணி என்ன செய்யும்? புல்லில் சிதறிய கடலையைப் பிள்ளைகள் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே போனவற்றை அணில்கள் பார்த்துக்கொண்டன. பெரியவர்கள் 27 அடி தூரத்தில் நின்று, பலகையில் விழுந்தால் ஒன்று, ஓட்டையில் விழுந்தால் மூன்று என்று 21 வரைக்கும் ஆடினோம். ஒருவர் எடுத்த புள்ளியை எதிராளியின் புள்ளியில் கழிக்க வேண்டும் என்ற விதி வந்ததும், கணக்குப் பார்க்க வந்தவரே நழுவிவிட்டார். பிள்ளைகளுக்குப் பத்தடி தூரம் போதுமானதாக இருந்தது.

பரங்கிக் காம்பில் வளையம் எறியும் இடத்தைப் பார்த்துக்கொண்ட பதினொன்றாம் வகுப்பு மாணவனைப் பற்றி இரண்டு வார்த்தை. வளையங்கள் கொலு வைத்த மாமி ஒருவர் வீட்டுக் கொடிக்கயிற்றில் சுற்றிக் கொடுத்தவை. பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணை மாதிரியே இருந்தன, என் மகளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்க ஒரு சாக்கும் கிடைத்தது. நேரே நிமிர்ந்த காம்புள்ள காயாகப் பார்த்து ஐந்தைப் பொறுக்கி, மண்ணில் பாதி புதைத்து வைத்தது அந்தப் பையன்தான். காம்பைப் பிடித்துத் தூக்கினால் ஒடிந்துவிடும் என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் தள்ளி நின்று கவனித்தது வேறு. கோடு என்று அவன் தரையில் போட்டிருந்தது ஒரு மூங்கில் குச்சி. மூன்று வயதுக் குழந்தை வந்தால் பேச்சுக் கொடுத்தபடியே காலால் அந்தக் குச்சியை முன்னால் தள்ளுவான். எட்டாம் வகுப்புக்காரன் வந்தால் அதே காலால் பின்னால் இழுப்பான். மூன்று மணி நேரம் இதைச் செய்தான், ஒரு குழந்தைக்கும் தெரியவில்லை. தன்னார்வச் சேவை மணி நேரத்துக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தபோது மூன்று என்று போட்டுத் தந்தேன், படிவத்தில் அதற்கு மேல் எழுத இடமில்லை.

ஆப்பிள் விஷயத்தில் நான் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். அண்டா நிறையத் தண்ணீர் விட்டு ஆப்பிளை மிதக்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வ வைக்கவேண்டும் என்பது என் ஆசை. ஆப்பிளின் கனஅளவில் சுமார் கால் பங்கு காற்று, அதனால்தான் மிதக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கம்கூடத் தயார் செய்திருந்தேன். மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் நம் தோழி, "90 பேர் வாய் வைக்கிற தண்ணியா? அக்கா, நான் லீவு போட்டுத்தான் இங்க வந்திருக்கேன்" என்றார். முடிந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி ஆப்பிளைத் தொங்கவிட்டோம். அதுவும் புதிதல்லவாம். அயர்லாந்தில் அக்டோபர் கடைசி இரவில் தொங்கும் ஆப்பிளைக் கடிப்பது பழைய வழக்கம், தன் பாட்டி ஆடியிருக்கிறாள் என்று பூங்காக் காவலர் சொன்னார். நமக்கும்தான் புதிதில்லை. பொங்கல் விளையாட்டுப் போட்டியில் நூலில் கட்டிய பன்னைக் கடிக்கத் தாவாதவர் நம்மில் யார்?

பன்னுக்குப் பதில் இங்கே ஆப்பிள் சைடர் டோனட். பண்ணையிலிருந்து காலையில் சூடாக ஐந்து டஜன் வாங்கி வந்த தம்பதிக்கும், பொருள் பட்டியலை வரி வரியாகப் படித்துக் கொட்டை இல்லை என்று உறுதி செய்த பிறகே ஒவ்வொன்றாகக் கட்டிய இரண்டு அம்மாக்களுக்கும் பெரிய நன்றி. ஒவ்வாமை உள்ள ஒரு பிள்ளையின் தாய், "இந்த வருஷம்தான் என் பையன் எல்லாத்துலயும் கலந்துக்கிட்டான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பெரியவர்கள் சுற்றில் ஜெயித்தவரின் மீசையில் இருந்த சர்க்கரைத் தூள் பரிசு வாங்கும்வரை அப்படியே இருந்தது. படம் எடுத்தவர்கள் தயவுசெய்து பகிரவும்.

சோளக்கொல்லைப் பொம்மைப் பந்தயம் இப்படி ஓடும் என்று நான் நினைக்கவே இல்லை. இந்த அக்டோபரில் நியூஜெர்சியில் மழை என்பதே இல்லை, அதனால் தீ மூட்டிக் குளிர்காயும் யோசனையைக் கைவிட்டோம். ஆனால் அதே வறட்சியில் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. நாலு அணி, அணிக்கு ஒரு பழைய சட்டை, ஒரு பேன்ட். இருபது அடி ஓடிப்போய் இரண்டு கை சருகு அள்ளி வந்து திணிக்க வேண்டும், எந்தப் பொம்மை முதலில் தானாக உட்காருகிறதோ அதற்கு வெற்றி. ஒரு அணிக்குப் பேன்ட் குறைந்தது. அவர்கள் யாருடைய காரிலிருந்தோ வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து கட்டி, தலைக்கு ஒரு குட்டிப் பரங்கியை வைத்து, கரியால் மீசை எழுதினார்கள். புது வீடு கட்டும் இடத்தில் திருஷ்டிக்குத் தொங்குமே, அசல் அதுதான். தலை கனத்ததால் பொம்மை உட்காரவேயில்லை, கடைசி இடம். ஆனால் எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது அதனோடுதான். வேட்டிக்காரர் இன்னும் கேட்கவில்லை. துவைத்து வைத்திருக்கிறேன்.

இனி அந்தப் பரங்கி எடை ஊகிக்கும் போட்டி. அதில் நடந்த குளறுபடிக்கு நான்தான் பொறுப்பு, விளக்கிவிடுகிறேன். எல்லாரும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுச் சீட்டில் எடையை எழுதிப் போட வேண்டும். 74 சீட்டு விழுந்தது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் பல வருடம் தராசு பிடித்த தாத்தா ஒருவர் ஒரே கையில் ஏந்தி, விரலால் இரண்டு தட்டுத் தட்டி, 14 என்று எழுதினார். குளியலறைத் தராசில் ஒருவர் காயோடும் காயில்லாமலும் ஏறி இறங்கியதில் வந்தது 31 பவுண்டு. 30 என்று எழுதிய பையனுக்குப் பரிசைக் கொடுத்தும்விட்டேன். பிறகுதான் பேத்தி ஓடி வந்தாள்: "எங்க தாத்தா கிலோவுலதான் சொல்வார்!" 14 கிலோ என்றால் 31 பவுண்டுக்கு ஒரு மயிரிழை தள்ளி. சீட்டில் அலகைக் கேட்காமல் விட்டது என் தவறு. தாத்தா பரிசை வேண்டாம் என்றுவிட்டார், காயை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அது புளிக்கூட்டாகிவிட்டதாகத் தகவல்.

அந்தச் சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் வரிசைப்படுத்திய நம் கணக்கு ஆசிரியைக்கும் நன்றி. இதே மாதிரி 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் ஊர்க் கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. ஃபிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் அதன் 787 சீட்டுகளை வாங்கி ஆராய்ந்தார். வரிசையில் நட்டநடுவே நின்ற ஊகம் 1,207 பவுண்டு, உண்மை எடை 1,198. நம் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 200 பவுண்டு என்று போட்டிருந்தது, இன்னொன்று 'யானை' என்று எழுதியிருந்தது. சராசரி எடுத்தால் இந்த 200 எல்லாரையும் மேலே இழுத்துவிடும், நடு எண்ணை அசைக்க முடியாது என்று ஆசிரியை காட்டினார். யானையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நம் நடு எண் 29. அடுத்த வாரம் ஏழாம் நிலை வகுப்பில் இதைத் தமிழில் நடத்தப் போகிறாராம். 'இடைநிலை' என்ற சொல்லை இனி பரங்கிக்காய் இல்லாமல் அந்த வகுப்பு நினைக்காது.

மற்றவை வேகமாக. சாக்கு ஓட்டத்துக்கு 40 பவுண்டு பாஸ்மதிப் பைகளைச் சேர்த்துக் கொடுத்த வீடுகளுக்கு நன்றி. சின்னவர்களுக்கு இடுப்புவரை வந்தது, பெரிய வகுப்புக்கு முழங்காலைத் தாண்டவில்லை, ஆனாலும் ஓடினார்கள். கயிறு இழுக்கும்போது கையில் சுற்றாதே என்று தொண்டை கட்டும்வரை கத்தியவருக்கு ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு அனுப்பியிருக்கிறேன். கார் நிறுத்தத்தில் வெயிலில் நின்ற இருவரையும், ஆறு மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு வரும்போது செல்பேசி வெளிச்சத்தில் நூலும் காகிதத் தட்டும் பொறுக்கிய ஆறு பேரையும் பெயர் சொல்லவேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

மன்னிப்பும் கேட்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான பரிசுப் பையை என் கார் டிக்கியிலேயே மறந்துவிட்டேன். இந்த ஞாயிறு வகுப்பில் வந்து தருகிறேன். வளையக்காரனுக்கு மதியச் சாப்பாடு போகவில்லை என்பதும் ஆறு மணிக்குத்தான் தெரிந்தது. அவன் அம்மாவிடம் நேரில் பேசிவிட்டேன்.

முன்பணம் இன்னும் திரும்பவில்லை. பொருளாளர் கடிதம் எழுதியிருக்கிறார். வந்தால் என்ன செய்வது என்று கூட்டத்தில் பேசலாம். கோட்டைக்கு மட்டும் என் ஓட்டு கிடையாது.

பலகை இரண்டும், பைகள் ஏழும், வளையங்களும் பள்ளி அலமாரியில் இருக்கின்றன. எட்டாவது பையைப் பிரித்துத் தைக்க எடுத்துப் போயிருக்கிறார் கும்பகோணத்து அம்மா. டிசம்பரில் ஊருக்குத் திரும்புமுன் இன்னும் நாலு பை தைத்து வைக்கிறேன் என்கிறார், வீட்டில் பழைய ஜீன்ஸ் இருந்தால் அனுப்புங்கள். அப்புறம் அந்த எவர்சில்வர் மூடி, பென்சில் கோடு அழியாமல் என்னிடம்தான் இருக்கிறது. கராஜில் உப்புமா வைத்துவிட்டுப் போனது யார் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. மூடியில்லாத டப்பா யார் வீட்டில் இருக்கிறதோ, ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
விழா ஒருங்கிணைப்பில் இருந்த ஒரு அம்மா