முதலில் நாரியைக் காட்டு

மச்சான்,

கடிதம் கிடைத்தது. இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறதாம், வார்டில் தாதியாக வேலை செய்து பென்ஷன் எடுத்த எனக்கு எழுதாமல் வேறு ஆருக்கு எழுதப்போகிறாய், சரி விடு.

நீ எழுதியதில் ஒரு இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். சந்தைக்கு நடக்கும்போது ஆசை ஒன்றும் இல்லாமலே ஆணுறுப்பு விறைக்கிறது, நாரி இழுக்கிறது, கால் விறுவிறுக்கிறது, மதகில் குந்தினால் மூன்றும் அடங்கிவிடுகிறது என்கிறாய். சேர்ந்து வந்து சேர்ந்து போகிறதென்றால் முள்ளந்தண்டில்தான் தேட வேண்டும். விறைக்கச் செய்கிற நரம்புகள் அடிமுதுகில், திருவெலும்புப் பக்கத்திலிருந்து வருகின்றன, அடக்குகிறவை அதற்கு மேலே. வயதோடு முள்ளந்தண்டுக் குழாய் ஒடுங்கினால் நிமிர்ந்து நடக்கும்போது அந்த நரம்புக்கட்டு நெரிபடும், குனிந்து இருந்தால் இளகும். நெரிவை எடுக்கிற ஒப்பரேசனுக்குப் பிறகு விறைப்பும் நின்றுபோனவர்களைப் பற்றி டொக்டர்மார் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நித்திரையில் விறைத்து வலியோடு எழுப்புவது வேறு வகை. அதற்குப் படுக்கும் முன் பக்லோஃபென் என்ற தசை இளக்கும் குளிசை கொடுத்துப் பார்ப்பார்கள், தலை சுற்றும், தூங்கி வழிவாய், பல நாள் போட்டால் நீயாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

அப்புறம், சலக்கட்டுக்கும் நித்திரைக்கும் போடுகிற குளிசைகளின் பெயரை எழுதி அனுப்பு. நித்திரைக்குக் கொடுக்கிற டிராசோடோன் இருந்தால் கட்டாயம் டொக்டரிடம் சொல், அதுவும் இப்படி விறைக்க வைக்கும். பார்மசிப் பொடியன் தருவதை வாங்கிப் போடாதே. பரியாரியின் எண்ணெய் நாரிக்குச் சுகமாகத்தான் இருக்கும், குழாயை அகலப்படுத்தாது.

ஒருநாள் நாலு மணித்தியாலம் அடங்காமல் நின்றால் விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. உள்ளே தேங்கிய இரத்தத்தில் ஒட்சிசன் தீர்ந்து தசை சாகத் தொடங்கும், பிறகு விறைப்பே வராமல் போகலாம். ஆஸ்பத்திரியில் ஊசியால் அந்த இரத்தத்தை இழுத்து, இரத்தக் குழாயைச் சுருக்கிற பினைல்எஃப்ரின் மருந்தை ஏற்றி விறைப்பை இறக்குவார்கள். அதேபோல் சலம் போகாமல் நின்றாலோ, தொடையிடுக்கும் குண்டியும் மரத்தாலோ, கால் பலம் குறைந்தாலோ அன்றைக்கே போ.

மற்றபடி கிளினிக்குக்கு முதல் நாள் பின்னேரமே பஸ் ஏறி வா, விடியக் காலமை போனால்தான் நம்பர் எடுக்கலாம், இங்கே படுக்கலாம். பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டு வா, அநேகமாக எம்.ஆர்.ஐ. கேட்பார்கள். மனிசியிடம் நாரி நோ என்று சொல், அது பொய்யும் இல்லை.